மருத்துவ மாணவர்களின் கடனும் காலியாகக் கிடக்கும் குடும்ப மருத்துவ இடங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்ப மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சில வாரங்கள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு; அவர்களின் பெற்றோரில் பலர் உங்கள் நாளிதழை விடாமல் வாசிப்பவர்கள். முதன்மை மருத்துவத்துக்கு, அதாவது குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய துறைகளுக்கு, இங்கே இளைய தலைமுறை ஏன் வரத் தயங்குகிறது என்பதையும், அதில் படிப்புக் கடனுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தலைசுற்றுகிறது என்று வந்தார். முதலில் அவரைப் பார்த்தவர் என்னிடம் பயிற்சியில் இருக்கும் மாணவி. வீட்டிலிருந்த மருந்துப் புட்டிகளையெல்லாம் அள்ளிப் போட்டு மூதாட்டி கொண்டுவந்திருந்த பையை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இதை எப்போது சாப்பிடுகிறீர்கள், எத்தனை மாத்திரை என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார் அந்த மாணவி. மொத்தம் பதினோரு புட்டிகள். வெவ்வேறு மருந்துக் கடைகளில் வாங்கிய இரண்டில், ஒன்றின்மேல் நிறுவனம் வைத்த பெயரும் மற்றதன்மேல் மருந்தின் பொதுப் பெயரும் அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே இருந்ததோ ஒரே ரத்த அழுத்த மாத்திரை. பல வாரங்களாக அந்த அம்மையார் இரட்டிப்பு அளவை விழுங்கி வந்திருக்கிறார். படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்றதும் ஒருமுறையும் அழுத்தத்தை அளந்து பார்த்ததில் காரணம் உறுதியானது. ஒரு புட்டியை அப்புறப்படுத்தினோம். அடுத்த வாரம் தலைசுற்றல் இல்லை. ஸ்கேன் எடுக்கவில்லை, மருத்துவமனையில் சேர்க்கவில்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அவர் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிய நிலையும் வரவில்லை.

அன்று மாலை, "டாக்டர், இந்த வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்றார் அந்த மாணவி. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் கைப்பேசியைத் திறந்து கடன் கணக்கைக் காட்டினார். படிப்பு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. நிலுவை ஏற்கெனவே 2 லட்சம் டாலரை நெருங்கியிருந்தது. அவருடைய தாயார் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக இரவுப் பணி பார்க்கிறவர். மகளின் கடனில் ஒரு மாதத் தவணையைக்கூட அவரால் ஏற்க இயலாது.

இந்த மாணவியின் நிலை விதிவிலக்கானதன்று. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெறுவோரில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். அவர்களின் நடுத்தரக் கடன் அளவு சுமார் 2 லட்சம் டாலர் என்கிறது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம். நான்காண்டு இளநிலைப் படிப்பு, நான்காண்டு மருத்துவக் கல்லூரி, அதன்பின் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை, குறைந்த சம்பளத்தில் ஒரு துறையில் பெறும் ரெசிடென்சி பயிற்சி என்று நீளும் இந்தப் பாதையில், முழு மருத்துவர் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது வயது முப்பதைத் தாண்டிவிடுகிறது. முன்பு மேற்படிப்பு மாணவர்களுக்கும், படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கும் கடன் ஒரு பகுதியாவது கிடைத்துவந்தது. 2012 ஜூலையோடு அது நின்றது. இப்போது முதல் ஆண்டில் வாங்கும் முதல் டாலருக்கே அன்றிலிருந்து வட்டி ஏறுகிறது. அண்மை ஆண்டுகளில் மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடனின் வட்டி விகிதம் 8 விழுக்காட்டையொட்டியும், கூடுதல் செலவுக்கான கிராட் பிளஸ் கடனில் 9 விழுக்காட்டையொட்டியும் இருந்துவருகிறது.

2 லட்சம் டாலருக்கு 8 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 16,000 டாலர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 44 டாலர். ரெசிடென்சியின் முதலாண்டுச் சம்பளம் 60,000 டாலருக்கும் 70,000 டாலருக்கும் இடையே இருக்கும். வரியும் வாடகையும் போக அதில் வட்டியைக் கட்டக்கூட மிஞ்சாது. எனவே வருமானத்துக்கு ஏற்பச் சிறு தொகையைக் கட்டிவிட்டு, மீதி வட்டியை வளரவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. குடும்ப மருத்துவத்துக்கு மூன்றாண்டுப் பயிற்சி. எதுவும் கட்டாமல் விட்டால் அந்த மூன்றாண்டில் 48,000 டாலர் சேர்ந்துவிடும். அதன்பின் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,000 டாலர். கட்டி முடிக்கும்போது மொத்தம் 3,60,000 டாலர் போயிருக்கும்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். குடும்ப மருத்துவரின் வருமானத்தில் இந்தக் கடனை அடைக்கவே முடியாது என்பது உண்மையல்ல. அடைக்கலாம், நானும் அடைத்தேன், என் நண்பர்களும் அடைத்தார்கள். துறையைத் தேர்ந்தெடுப்பதில் எது பெரிய காரணம் என்று பட்டம் பெறும் மாணவர்களைக் கேட்கும்போது, மனத்துக்கு ஒத்துவருவது, பாடத்தில் உள்ள ஈர்ப்பு, முன்மாதிரியாக வாய்த்த ஆசிரியர், வாழ்க்கைக்கும் வேலைக்குமான சமநிலை ஆகியவற்றையே முதலில் சொல்கிறார்கள். கடன் அந்தப் பட்டியலில் பின்தங்கியே நிற்கிறது. ஆய்வு முடிவுகளும் ஒருமுகமாக இல்லை. இதை வைத்துக்கொண்டு, கடனுக்கும் துறைத் தேர்வுக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. கடன் எல்லோரையும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், வருமான வரிசையில் நாட்டின் மேல் ஐந்தில் இரண்டு பங்குக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். தந்தையின் சேமிப்பு பின்னால் இருக்கும் மாணவருக்கு 2 லட்சம் டாலர் என்பது ஓர் எண். தாயின் இரவுப் பணிச் சம்பளத்தில் வளர்ந்த மாணவிக்கு அது வேறு. அவருக்குத் தம்பி தங்கையின் படிப்பு இருக்கிறது, தாயின் முதுமை இருக்கிறது, வீட்டில் யாரும் அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு தொகை தன் பெயரில் ஏறிக்கொண்டே போகும் அச்சம் இருக்கிறது. மருத்துவர் இல்லாத பகுதிகளுக்கு விரும்பிப் போகக்கூடியவர்களும், அங்கே நிலைத்து இருக்கக்கூடியவர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளே. யாரை நாம் முதன்மை மருத்துவத்தில் மிகவும் எதிர்பார்க்கிறோமோ அவர்களைத்தான் கடன் முதலில் வேறுபக்கம் திருப்புகிறது.

அப்படித் திருப்பும் வலிமை கடனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், துறைகளுக்கு இடையே உள்ள வருமான இடைவெளியிலிருந்துதான். எலும்பு அறுவை மருத்துவரின் வருமானம் குடும்ப மருத்துவருடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் இந்த வேறுபாடு சில மில்லியன் டாலர்களாகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் படிப்புக் கடன் சிறியதுதான். ஆனால் கடன் இல்லாத மாணவர் இந்த இடைவெளியைப் பற்றி எண்ணிப் பார்க்காமலே இருந்துவிட முடியும். கடன் உள்ளவர் ஒவ்வொரு மாதமும் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்த இடைவெளி தானாக விளைந்ததன்று. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருத்துவர்களுக்கான கட்டண அட்டவணையை 1992-இல் மாற்றியமைத்தது. ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஷியாவோ தலைமையில் நடந்த ஆய்வு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு உழைப்பு, எவ்வளவு மனஅழுத்தம் தேவைப்படுகிறது என்று அளந்து, நோயாளியோடு உட்கார்ந்து யோசிக்கும் பணிக்கு உரிய மதிப்பைத் தர முயன்றது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த அட்டவணையில் ஒவ்வொரு பணிக்கும் தரும் மதிப்பைத் திருத்திப் பரிந்துரைக்கும் குழுவில் சிறப்பு மருத்துவத் துறைகளின் குரலே ஓங்கியிருந்ததால், அறுவை போன்ற செயல்முறைகளுக்கான மதிப்பு உயரத்திலேயே நிலைத்தது. மூதாட்டியின் பதினோரு புட்டிகளையும் எடுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது போன்ற ஒரு வருகைக்கு மெடிகேர் தரும் தொகை சுமார் 125 டாலர். எழுத்து வேலைக்கு அன்று இரவு ஒதுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். முதன்மை மருத்துவரின் வருமானம் சிறப்பு மருத்துவர்களின் நடுத்தர வருமானத்தில் குறைந்தது 70 விழுக்காடாக வேண்டும் என்று மருத்துவப் பட்டமேற்படிப்புக்கான மத்திய அரசின் ஆலோசனைக் குழு 2010-இலேயே பரிந்துரைத்தது. அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. மருத்துவரை நாடும் வருகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதன்மை மருத்துவர்களிடம் நடக்கிறது. நாட்டின் மருத்துவச் செலவில் அவர்களுக்குப் போய்ச் சேர்வதோ ஏறத்தாழ 5 விழுக்காடு.

விளைவு என்னவென்பது ஒவ்வொரு மார்ச் மாதமும் ரெசிடென்சி ஒதுக்கீட்டு முடிவு வரும்போது தெரிகிறது. 2024-இல் குடும்ப மருத்துவத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட பயிற்சி இடங்கள் முதல் சுற்றில் நிரம்பவில்லை. நிரம்பிய இடங்களிலும் கணிசமானவற்றில் அமர்ந்தவர்கள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மருத்துவர்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு, அவர்கள் இல்லாவிட்டால் பல சிற்றூர்களில் மருத்துவமே நடக்காது. முதன்மை மருத்துவர் பற்றாக்குறை உள்ளதாக அரசு அறிவித்துள்ள பகுதிகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள்.

கடனைத் தள்ளுபடி செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-இல் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தபோது, இனி முதன்மை மருத்துவத்துக்கு மாணவர்கள் திரண்டு வருவார்கள் என்று பலரும் எழுதினார்கள், நானும் மகிழ்ந்தேன். அப்படி நடக்கவில்லை. கட்டணம் இல்லை என்றதும் விண்ணப்பங்கள் குவிந்தன. மதிப்பெண் மிக உயர்ந்தவர்கள் தேர்வானார்கள். அவர்களில் பெரும்பாலோர் மற்ற முன்னணிக் கல்லூரி மாணவர்களைப்போலவே சிறப்புத் துறைகளை நாடினார்கள். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு 2024-இல் ரூத் காட்ஸ்மன் என்ற மூத்த பேராசிரியை 100 கோடி டாலர் கொடை அளித்து, கட்டணத்தை என்றென்றைக்கும் நீக்கினார். பெரும் வறுமை நிலவும் பகுதியில் செய்யப்பட்ட அந்தக் கொடையின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் வருமான இடைவெளி அப்படியே இருக்க, சேர்க்கை முறையும் அப்படியே இருக்க, கட்டணத்தை மட்டும் நீக்கினால், நாளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் சம்பாதிக்கப்போகும் ஒருவருக்கும் சேர்த்தே உதவி செய்கிறோம்.

அரசு சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்திலும் இதே குறை இருக்கிறது. 2007-இல் சட்டமான இத்திட்டத்தின்படி, அரசு நிறுவனத்திலோ லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் பணியாற்றிக்கொண்டு 120 மாதத் தவணைகளைக் கட்டியவருக்கு மீதிக் கடன் நீக்கப்படும். இந்த நாட்டு மருத்துவமனைகளில் பெரும்பாலானவை லாப நோக்கற்றவை என்பதால் ரெசிடென்சிக் காலமும் கணக்கில் சேரும். இதை முதன்மை மருத்துவத்துக்கு ஊக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கைக் கூர்ந்து பாருங்கள். மூன்றாண்டுப் பயிற்சி முடித்த குடும்ப மருத்துவர், முழுச் சம்பளத்தில் இன்னும் ஏழாண்டு உயர்ந்த தவணை கட்டவேண்டும். ஏழாண்டுப் பயிற்சி முடித்த மூளை அறுவை மருத்துவரோ அந்த ஏழாண்டும் சிறு தவணை கட்டிவிட்டு, முழுச் சம்பளத்தில் மூன்றாண்டு கட்டினால் போதும். அவருக்கு நீங்கும் தொகைதான் பெரியது. பயிற்சி நீள நீளத் தள்ளுபடி கூடும் ஒரு திட்டம், குறுகிய பயிற்சியுள்ள துறைக்கு எப்படி ஆள் சேர்க்கும்? தொடக்க ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு நிராகரிக்கப்பட்டதையும், அதனால் ஒரு தலைமுறை மாணவர்கள் இத்திட்டத்தின்மேல் நம்பிக்கை இழந்ததையும் நான் மறக்கவில்லை. 2021-க்குப் பின் விதிகள் தளர்ந்து பலர் பயன்பெற்றனர். இருந்தாலும் அந்த அவநம்பிக்கை முழுதும் தீரவில்லை.

குறி தவறாத திட்டம் ஒன்று உண்டு. 1970-இன் கடைசி நாளில் கையெழுத்தான சட்டத்தின்வழிப் பிறந்த தேசிய சுகாதாரச் சேவைப் படை அது. பற்றாக்குறைப் பகுதியில், முதன்மை மருத்துவத்தில், குறித்த காலம் பணியாற்ற ஒப்புக்கொள்பவருக்கு அது கல்வி உதவித்தொகையாகவோ கடனடைப்பாகவோ பணம் தருகிறது. இரண்டாண்டு முழுநேரப் பணிக்கு 50,000 டாலர் வரை என்றிருந்தது, அண்மையில் முதன்மை மருத்துவர்களுக்கு 75,000 டாலர் வரை உயர்த்தப்பட்டது. இத்திட்டத்தில் வந்தவர்கள் பணியாற்றும் சமூக மருத்துவ மையங்கள், 1965-இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்டிலும் பின்னர் மிசிசிப்பியின் மவுண்ட் பேயுவிலும் டாக்டர் ஜாக் கைகரும் டாக்டர் கவுன்ட் கிப்சனும் தொடங்கிவைத்த மரபில் வந்தவை. இன்று மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். இப்படிப்பட்ட திட்டத்தின் நிதி, ஆண்டுக்கணக்கில் உறுதியாக ஒதுக்கப்படாமல், அண்மைக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டித்தால்தான் உண்டு என்ற நிலையில் தொங்குவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. இருபத்தைந்து வயதில் வாழ்நாள் முடிவை எடுக்கும் ஒரு மாணவி, அடுத்த மார்ச்சில் இருக்குமா என்று தெரியாத உதவியை நம்பி எப்படி முடிவெடுப்பார்?

சேர்க்கையிலேயே இதற்கு வழி செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி, சிற்றூர்களில் வளர்ந்து, குடும்ப மருத்துவராக ஊர் திரும்ப விரும்பும் மாணவர்களுக்கென 1974 முதல் தனித் திட்டம் நடத்தி வந்தது; அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக அத்துறைக்குப் போனதும், ஆண்டுகள் பல கழித்தும் அங்கேயே நீடித்ததும் தொடர் ஆய்வுகளில் தெரிந்தது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் குடும்ப மருத்துவத்துக்குச் செல்வோருக்கு மருத்துவக் கல்லூரிப் படிப்பையே மூன்றாண்டாகச் சுருக்கியது. ஓராண்டுக் கட்டணம் மிச்சம், ஓராண்டு வட்டி மிச்சம், ஓராண்டு முன்னதாகச் சம்பளம். கடனைக் குறைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம், 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம். 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற உச்சவரம்புக்குள் நிற்கும். கட்டணத்தைக் கண்டபடி உயர்த்தும் கல்லூரிகளுக்கு இது கடிவாளம் என்கிறார்கள். அந்த நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. எளிதாகக் கிடைக்கும் கடன் கட்டணத்தை ஏற்றிவிட்டது என்பதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் பல தனியார் கல்லூரிகளில் நான்காண்டுச் செலவு 3,50,000 டாலரைத் தாண்டும்போது, இடையே விழும் பள்ளத்தை யார் நிரப்புவது? தனியார் வங்கிக் கடன்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் பெற்றோரின் கையொப்பமும் நல்ல கடன் வரலாறும் வேண்டும். வருமானத்துக்கு ஏற்பத் தவணை குறையாது. அரசு சேவைத் தள்ளுபடியில் அது சேராது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சட்டத்தால் பெரிய இடர் இல்லை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் தாயிடம் எந்த வங்கி கையொப்பம் கேட்டுவிட்டுக் கடன் தரும்?

ஆகவே கடன் வரம்பை வைத்திருப்பதானால், அதற்கு ஈடாக முதன்மை மருத்துவத்துக்குப் போக உறுதியளிக்கும், வசதி குறைந்த மாணவர்களுக்கான உதவித்தொகையையும் சேவைப் படையின் நிதியையும் பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்து விரிவாக்கவேண்டும். மெடிகேர் அட்டவணையில் நோயாளியோடு செலவிடும் நேரத்தின் மதிப்பை உயர்த்தவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து பயனில்லை.

இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "குடும்ப மருத்துவம் என்றால் வெறும் ஜி.பி. தானே டாக்டர், இத்தனை செலவழித்துப் படித்துவிட்டு இதற்கா?" என்று என்னிடமே தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. கழுத்தளவு கடனில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும் எந்தத் தாய் தந்தைக்கும் அது வரும். உங்கள் பிள்ளைக்கு அந்த வேலையில் மனம் ஒட்டியிருந்தால், துறையை மாற்றச் சொல்லும் முன் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கடன் மத்திய அரசுடையது, எது தனியாருடையது. பயிற்சி பெறப்போகும் மருத்துவமனை லாப நோக்கற்றதா. சேவைப் படைக்கு விண்ணப்பிக்கும் காலம் எப்போது. தள்ளுபடித் திட்டத்துக்கான பணிச் சான்றிதழை ஆண்டுதோறும் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பயிற்சியின் முதலாண்டில் ஒரு படிவத்தை அனுப்ப மறந்ததால் பிறகு பல மாதங்கள் அலைந்த இளம் மருத்துவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மாணவியும் நானும் இப்படித்தான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். சேவைப் படையில் இடம் கிடைத்தால் ஒரு தொகை, கிடைக்காவிட்டால் வேறொரு தொகை என்று இரண்டு பத்திகள். தாளை மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். தாயிடம் காட்டவேண்டும் என்றார். துறையைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க அவருக்குச் செப்டம்பர் வரை காலம் இருக்கிறது. என்னிடம் இன்னும் இரண்டு வாரம் இருப்பார். வரும் திங்கட்கிழமை அந்த மூதாட்டி மறுபடி வருகிறார். முதலில் அவரைப் பார்க்கப்போவது அந்த மாணவிதான்.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவர் ஒருவர்,
அமெரிக்கா.